ரிமோட் ஹெலிகாப்டர் கிட்டைப் பூட்டுவது எப்படி: வரிசை தவறாத முழுமையான வழிகாட்டி

ஹெலிகாப்டர் கிட்டை முதன்முறையாகப் பூட்டுகிறவர்களின் பக்கத்தில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். கடினமான வேலையில் அவர்கள் தடுக்கி விழுவது அபூர்வம். எளிய வேலையை முந்திச் செய்துவிட்டு விழுகிறார்கள். திருகுகளை இறுக்கிவிட்டு அப்புறம் ஷாஃப்டை நுழைக்கப் பார்ப்பார்கள். சர்வோவின் (கட்டளைப்படி ஒரு சிறு கையை அசைக்கும் குட்டி மோட்டார்) கையை மாட்டிவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுப்பார்கள். பிறகு பாதியைக் கழற்ற வேண்டிவரும். கழற்றும்போது ஒரு திருகின் தலை வழுக்கிப்போகும். அத்தோடு அன்றைய மாலை முடிந்தது.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும்: ஒரு பாகம் தடையில்லாமல் அசைகிறதா என்று விரலால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே அதைப் பிடிக்கும் திருகை நிரந்தரமாக இறுக்குங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 450 வகை மின்சார ஹெலிகாப்டர்: 325 மி.மீ. பிளேடு, சுமார் 70 செ.மீ. ரோட்டார் விட்டம், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஃபிளைபார் (நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) இல்லாத ரோட்டார் தலை. பெரிய அளவுக்குப் போனாலும் வரிசை இதேதான், திருகுகள்தான் பெரிதாகும்.

1. மேசையில் உட்காருவதற்கு முன்

பெட்டியில் என்னென்ன இல்லை என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளில் சட்டம், கியர், தலை, வால் ஆகியவை மட்டும் இருக்கும். சுவாஷ் பிளேட்டுக்கு (சர்வோவின் அசைவைச் சுழலும் பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் தட்டு) மூன்று சர்வோ, வாலுக்கு ஒன்று, மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, ஃபிளைபார்லெஸ் கைரோ (ஃபிளைபாருக்குப் பதிலாக ஹெலிகாப்டரை நிலைப்படுத்தும் கருவி), ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியாக வாங்க வேண்டியவை. மெயின் பிளேடு சில கிட்டுகளில் வரும், சிலவற்றில் வராது.

கருவிகளில் சிக்கனம் பார்க்கவே கூடாத ஒன்று ஆலன் டிரைவர். 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் கெட்டிப்பட்ட எஃகு முனையோடு இருக்க வேண்டும். கிட்டோடு இலவசமாக வரும் வளைந்த ஆலன் சாவியின் முனை சீக்கிரம் உருண்டுவிடும்; உருண்ட முனை திருகின் தலையையும் உருட்டிவிடும். இவை தவிர, லிங்க் (கம்பியின் முனையில் இருந்து சிறு உருண்டையில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டு) கழற்றும் இடுக்கி, நீல நிறத் திருகுப் பசை, சிலிக்கான் கிரீஸ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வெர்னியர் அளவி, பிட்ச் கேஜ் (பிளேடின் கோணத்தை அளப்பது), சாலிடரிங் அயர்ன், வயர் கட்டும் டை, இருபுறமும் ஒட்டும் நுரை டேப் ஆகியவை வேண்டும்.

இன்னொரு தேவை தட்டையான கண்ணாடித் துண்டு. சட்டத்தை நேராக்கவும் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்க்கவும் அதைவிட மலிவான கருவி கிடையாது.

நேரத்தைப் பொறுத்தவரை மூன்று, நான்கு மாலைகளை ஒதுக்குங்கள். ஒரே இரவில் முடித்தேன் என்று சொன்னவர்களில் வாலைத் திரும்பக் கழற்றாத ஒருவரை நான் பார்த்ததில்லை.

2. ஒரு நேரத்தில் ஒரு பை

பாகங்கள் எண்ணிட்ட பைகளில் வரும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிடாதீர்கள். 2 மி.மீ. தடிமனுள்ள திருகுகளில் 6 மி.மீ. நீளமும் 8 மி.மீ. நீளமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 6 போட வேண்டிய இடத்தில் 8 போனால் அது உள்ளே எதையாவது முட்டும். மோட்டாரைப் பிடிக்கும் திருகு நீளமாக இருந்தால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியைக் குத்திவிடும். ஆகவே ஒரு பை, ஒரு கிண்ணம், அதற்குரிய பக்கம் என்று போங்கள். சந்தேகம் வந்தால் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

அடுத்தது எல்லாரும் ஏமாறும் இடம். ரோட்டார் தலை, வால் பெட்டி போன்றவை தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வரக்கூடும். ‘இது முடிந்த வேலை’ என்று அப்படியே எடுத்து மாட்டுவார்கள். பல நேரங்களில் அவை பெட்டியில் அடங்குவதற்காக மட்டும் பூட்டப்பட்டவை. திருகுப் பசை இருக்காது. இறுதியாகப் பூட்டியது என்று கையேடு தெளிவாகச் சொல்லாதவரை ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பாருங்கள்.

3. திருகுப் பசை: எங்கே, எவ்வளவு

ஹெலிகாப்டர் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும் இயந்திரம். பறக்கும் நேரம் முழுக்க அதிர்வு இருக்கும். பசையில்லாத திருகு அந்த அதிர்வில் மெல்லச் சுழன்று வெளியே வந்துவிடும்.

விதி எளிது. உலோகத்துக்குள் போகும் உலோகத் திருகுக்கு நீலப் பசை. பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்குப் பசை வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அது நொறுங்கவைக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுக்கும் தேவையில்லை, அந்த வளையமே பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பசையைத் தொடாதீர்கள். பிறகு கழற்றுவது மிகவும் கடினம்.

பூசுவதற்கு முன் திருகையும் துளையையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் மரையில் இருந்தால் பசை பிடிக்காது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு ‘பசை போட்டும் கழன்றுவிட்டது’ என்று குறைபட்டுக்கொள்பவர்கள் நிறைய. அளவைப் பொறுத்தவரை ஊசிமுனைத் துளி போதும். மரையின் பள்ளங்கள் ஈரமானால் சரி, வழிந்தால் அதிகம். வழிந்த பசை பக்கத்திலுள்ள பேரிங்குக்குள் போனால் அந்தப் பேரிங் இறுகி வீணாகும்.

பசை போட்ட திருகு கழன்று வர மறுத்தால் பலம் காட்டாதீர்கள். சூடான சாலிடரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகிவிடும்.

பசை போட்டு முடித்த திருகின் தலையில் வண்ணப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் மாலையில் எதை முடித்தோம், எது சும்மா செருகி நிற்கிறது என்பது நினைவில் இருக்காது.

4. சட்டம்

கார்பன் ஃபைபர் தகடுகளின் ஓரம் கத்திபோல இருக்கும். வயர் அதில் உரசினால் உறை கிழிந்துவிடும். வயர் போகும் ஓரங்களை மட்டும் மெல்லிய நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரம் வைத்துத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் எழும் கார்பன் தூசி நுரையீரலுக்குக் கேடு; முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத் தகடுகளையும் நடுவிலுள்ள பேரிங் கட்டைகளையும் சேர்த்து எல்லாத் திருகுகளையும் பாதி மட்டும் திருகுங்கள். சட்டம் கையில் லேசாக ஆட வேண்டும். இப்போது மெயின் ஷாஃப்டை மேலிருந்து விடுங்கள். தன் எடையிலேயே இரண்டு பேரிங்குகளையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். சட்டத்தைக் கண்ணாடியின் மேல் அழுத்திப் பிடித்து, ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதே திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்று இறுக்கத்துக்குப் பிறகும் ஷாஃப்டை இழுத்து விட்டுப் பாருங்கள். எந்தத் திருகை இறுக்கியதும் ஷாஃப்ட் பிடிக்கிறதோ அங்கேதான் கோணல்.

எல்லாம் சரியென்றானதும் ஒரு நேரத்தில் ஒரு திருகாகக் கழற்றி, பசையிட்டு, திரும்பப் போடுங்கள். மொத்தமாகக் கழற்றினால் நேர்த்தி போய்விடும்.

5. மெயின் கியரும் ஒருவழிப் பேரிங்கும்

மோட்டார் நின்றுபோனாலும் ரோட்டார் தொடர்ந்து சுழல வேண்டும் என்பதற்காக மெயின் கியருக்குள் ஒருவழிப் பேரிங் இருக்கிறது. இதைத் தலைகீழாகப் பூட்டினால் மோட்டார் சுற்றும், ரோட்டார் அசையாது.

சோதனை பத்து விநாடி வேலை. பெரும்பாலான மாடல்களில் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். கியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஷாஃப்டைக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஷாஃப்டின் மேலும் கீழும் அசைவு இருக்கக் கூடாது. மேலே உள்ள பூட்டு வளையத்தை இறுக்கும்போது ஷாஃப்டை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே இறுக்கினால் அந்த இடைவெளி போய்விடும். ஆனால் பேரிங்கை நெருக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

6. ரோட்டார் தலை

மற்ற எல்லாவற்றிலும் தவறினால் இயந்திரம் உடையும். இங்கே தவறினால் பிளேடு பறந்துவரும். ஒரு பிளேடு 30 கிராம் எடை, அதன் எடைமையம் ஷாஃப்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி, ரோட்டார் நிமிடத்துக்கு 2400 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளேடு வெளிநோக்கி இழுக்கும் விசை 38 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அத்தனையையும் தாங்குவது ஃபெதரிங் ஷாஃப்டின் (தலைக்குக் குறுக்கே போய் இரண்டு பிளேடுகளையும் பிடிக்கும் தண்டு) முனையில் உள்ள ஒரு சிறிய திருகு.

முதலில் ஃபெதரிங் ஷாஃப்டைக் கண்ணாடியில் உருட்டுங்கள். துள்ளாமல் உருண்டால் நேராக இருக்கிறது. புதிய பாகம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பிளேடைப் பிடிக்கும் கிரிப்புக்குள் சாதாரண பேரிங்குகளோடு, வெளிநோக்கிய இழுப்பைத் தாங்கும் ஒரு திரஸ்ட் பேரிங் போகும். அது மூன்று துண்டு: இரண்டு வளையங்கள், நடுவே குண்டுகள் பதித்த கூண்டு. இரண்டு வளையங்களும் ஒரே மாதிரிதான் தோன்றும். ஆனால் ஒன்றின் உட்துளை மயிரிழை பெரிது. இரண்டையும் ஃபெதரிங் ஷாஃப்டில் கோத்துப் பாருங்கள்: ஒன்று ஷாஃப்டோடு ஒட்டி நிற்கும், மற்றது லேசாக ஆடும். ஆடுவது உட்பக்கம், அதாவது தலையின் மையத்தை நோக்கி. ஒட்டி நிற்பது வெளிப்பக்கம், முனைத் திருகை நோக்கி. வெளி வளையம் ஷாஃப்டோடு சேர்ந்தது, உள் வளையம் கிரிப்போடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. பெரிய துளை வேண்டியிருப்பது ஷாஃப்டைத் தொடாமல் திரும்புவதற்காக.

ஒருமுறை, கிரிப் கல்போல இருக்கிறது என்று ஒருவர் தலையை எடுத்துவந்தார். கையில் வைத்துத் திருப்பினேன், தாராளமாகத் திரும்பியது. கிரிப்பைப் பிடித்து வெளியே பலமாக இழுத்துக்கொண்டு திருப்பினேன், கரகரவென்று பிடித்தது. பிரித்துப் பார்த்தால் வளையங்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். சும்மா திருப்பினால் தவறு தெரியாது, இழுத்துத் திருப்பினால்தான் தெரியும்.

கூண்டின் குண்டுகளுக்குக் கிரீஸ் கட்டாயம் வேண்டும். தலையின் நடுவே இருக்கும் ரப்பர் டாம்பர்களுக்குச் (அசைவைத் தணிக்கும் வளையங்கள்) சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும்; பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும்.

கடைசியாக முனைத் திருகுகள். ஒரு பக்கத்தை இறுக்கினால் மறுபக்கம் கூடவே சுற்றும் என்பதால் இரண்டு ஆலன் டிரைவர்களை இரு முனைகளிலும் செருகி ஒன்றுக்கு எதிராக ஒன்றை இறுக்க வேண்டும். மரையை ஆல்கஹாலால் துடையுங்கள், பசையிடுங்கள், வழிவதைத் துணியால் எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். இந்த இரண்டு திருகுகளுக்கும் புள்ளி வைக்காமல் தலையை மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.

தலையை மெயின் ஷாஃப்டோடு இணைக்கும் குறுக்குத் திருகில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் நடுப்பகுதி மரையில்லாமல் வழவழவென்றிருக்கும்; சுமையைத் தாங்குவது அந்தப் பகுதி. வேறு முழு மரைத் திருகை அங்கே போடக் கூடாது.

7. சர்வோவும் சுவாஷ் பிளேட்டும்: கீழிருந்து மேலே

இங்கே வரிசை மாறினால் எல்லாமே மாறும். சர்வோ கை சரியாக இருந்தால்தான் சுவாஷ் பிளேட் சமமாகும். சுவாஷ் சமமானால்தான் பிளேடின் பூஜ்யக் கோணத்தை அமைக்க முடியும். புதியவர்கள் மேலிருந்து தொடங்குகிறார்கள். கீழே உள்ள பிழையை மேலே உள்ள லிங்கில் சரிக்கட்டுகிறார்கள். நடுவில் சரியாகத் தெரியும், ஓரங்களில் கோணல் வெளிப்படும்.

முதலில் சர்வோக்களைக் கைரோவில் செருகி, மோட்டாரை இணைக்காமல், மின்சாரம் கொடுங்கள். சர்வோ தன் நடுநிலைக்கு வரும். டிரான்ஸ்மிட்டரின் டிரிம், சப்டிரிம் (நடுநிலையை நகர்த்தும் அமைப்புகள்) எல்லாம் பூஜ்யமாக இருக்கட்டும். இப்போது சர்வோ கையை மாட்டிப் பாருங்கள். பற்களின் இடைவெளியால் மிகச் சரியாக 90 பாகையில் நிற்காது. கையின் நான்கு முனைகளையும் சுற்றிச் சுற்றி மாட்டிப் பார்த்தால் ஒன்று மிக நெருங்கி வரும். அதை வைத்துக்கொண்டு மற்ற முனைகளை வெட்டிவிடுங்கள். எஞ்சிய சிறு வித்தியாசத்தைக் கைரோவின் அமைப்பில் திருத்தலாம்.

சர்வோ கையில் எந்தத் துளையில் லிங்க் ஏறும் உருண்டையைப் பூட்டுவது என்பதற்குக் கையேடு சொல்லும் தூரத்தைப் பின்பற்றுங்கள். வெளித்துளையில் போட்டால் அசைவு அதிகம், துல்லியம் குறைவு.

லிங்குகளுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. பெரும்பாலும் எழுத்தோ குறியோ உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும். அந்தத் திசையிலிருந்துதான் உருண்டை எளிதாக ஏறும், தலைகீழாக அழுத்தினால் லிங்கின் துளை தளர்ந்துவிடும். இதன் விளைவாக இரண்டு முனைகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டிய கம்பியில் நீளத்தை முழுச் சுற்றாகத்தான் மாற்ற முடியும். மாட்டிய பின் லிங்க் தன் எடையிலேயே தொங்கி ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் உருண்டையில் இருக்கும்போதே இடுக்கியால் லிங்கை மெல்லக் கிள்ளுங்கள். ஒன்றிரண்டு கிள்ளலில் இளகிவிடும்.

கம்பிகளின் நீளத்தைக் கையேட்டின் அளவுப்படி வெர்னியரால் வைத்து மாட்டுங்கள். ஷாஃப்டுக்குச் செங்குத்தாகச் சுவாஷ் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, கோணல் இருந்தால் கம்பியைத் திருத்துங்கள். அதன் பிறகே சுவாஷின் மேல்தட்டிலிருந்து பிளேடு கிரிப்புக்குப் போகும் கம்பிகள்.

இன்னொரு சோதனை: ஒரு பிளேடு கிரிப் வால் குழாய்க்கு நேராக நிற்கும்படி தலையைத் திருப்பிக்கொண்டு, முன்னே பின்னே சாய்க்கும் ஸ்டிக்கை அசையுங்கள். அந்தக் கிரிப்பின் கோணம் மாறக் கூடாது. மாறினால் சுவாஷின் மேல்தட்டைத் தலையோடு சுற்றவைக்கும் கையின் நிலை பிசகியிருக்கிறது.

8. வால்

வால் பெட்டியிலும் திரஸ்ட் பேரிங் இருக்கலாம். 6-ஆம் பகுதியில் சொன்ன விதி அப்படியே பொருந்தும்.

வால் ரோட்டாரின் மையத்தை ஷாஃப்டோடு பிடிப்பது தலையில்லாத ஒரு குட்டித் திருகு. ஷாஃப்டில் அதற்கென்று சிறு குழி இருக்கும். திருகின் முனை அந்தக் குழியில் உட்கார வேண்டும். இந்த இடத்தில் நானே பட்டிருக்கிறேன். குழியைத் தேடாமல் இறுக்கிவிட்டேன், கையால் இழுத்தபோது கெட்டியாகத்தான் இருந்தது. நான்காவது பறத்தலில் வால் ரோட்டார் ஷாஃப்டில் வழுக்கியது. மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புரிவதற்குள் மூன்று சுற்றுச் சுற்றிப் புல்லில் படுத்துவிட்டது. இப்போதெல்லாம் திருகை இறுக்கும்போதே மையத்தை முன்னும் பின்னும் லேசாக அசைத்து, குழியில் விழும் அந்த ‘டக்’கென்ற உணர்வுக்குக் காத்திருக்கிறேன்.

பெல்ட் வால் என்றால், பெல்ட் குழாய்க்குள் 90 பாகை முறுகிப் போகும். தவறான பக்கம் முறுக்கினால் வால் பிளேடு பின்னோக்கிச் சுற்றும். மெயின் ரோட்டாரைக் கடிகாரத் திசையில் கையால் திருப்பி, வால் பிளேடின் தடித்த ஓரம் காற்றை முதலில் வெட்டுகிறதா என்று பாருங்கள். மெல்லிய ஓரம் முந்தினால் பெல்ட்டைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். இழுவிசை நடுத்தரமாக இருக்கட்டும்: விரல்களால் கிள்ளினால் பெல்ட்டின் இரு பக்கங்களும் சிறிது நெருங்கலாம், ஒட்டிக்கொள்ளக் கூடாது.

வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் கம்பி, சர்வோவிலிருந்து கழற்றிய நிலையில், ஒற்றை விரலின் தள்ளலில் முழுத் தூரமும் போய்வர வேண்டும். எங்காவது சிக்கினால் கைரோ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். குற்றம் கைரோ மேல் விழும். உண்மையில் கம்பி போகும் வழிகாட்டி வளையங்கள் ஒரே கோட்டில் இருக்காது.

9. மோட்டாரும் பினியனும்

பினியனின் (மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சிறு பல்சக்கரம்) திருகு அந்த ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் விழ வேண்டும். பசை கட்டாயம்.

பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்து மோட்டாரை நெருக்கி இறுக்கிவிட்டுக் கியரைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்போடு வர வேண்டும், கிழிந்து வரக் கூடாது. மெயின் கியர் கச்சிதமான வட்டமாக இருப்பது அரிது. அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல் கியரை முழுச் சுற்று திருப்பி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவை வையுங்கள்.

எத்தனை பல் பினியன் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மோட்டார் 3500 கேவி (வோல்ட் ஒன்றுக்கு நிமிடத்தில் 3500 சுற்று), பேட்டரி 11.1 வோல்ட், பினியன் 11 பல், மெயின் கியர் 150 பல் என்றால் 3500 × 11.1 × 11 ÷ 150 = 2849. சுமையில் இழப்பைக் கழிக்க 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 2420 சுற்று. கற்றுக்கொள்கிறவருக்கு இது தாராளம். பினியனில் ஒரு பல் கூட்டினால் 200 சுற்றுக்கு மேல் கூடும்.

10. மின்னணுச் சாதனங்களும் வயரும்

கைரோவை அதிர்வு குறைந்த தட்டையான இடத்தில் நுரை டேப்பால் ஒட்டுங்கள். அதன் வயர்கள் தளர்வாக வளைந்து போக வேண்டும்; விறைத்து நின்றால் அவை சட்டத்தின் அதிர்வைக் கைரோவுக்குக் கடத்தும்.

ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பனை விட்டு விலகி நிற்கட்டும். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும்.

வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து சர்வோக்களுக்குப் போகும் மின்னழுத்தம் அவை தாங்கும் அளவா என்று பாருங்கள். வால் சர்வோவைத் தனியாகக் கவனியுங்கள்: சில வகைகள் மற்றவற்றைவிடக் குறைந்த வோல்ட்டுக்கானவை. சிலவற்றின் நடுத்துடிப்பு (நடுநிலையைக் குறிக்கும் மின்துடிப்பின் நீளம்) 1520-க்குப் பதில் 760 மைக்ரோவிநாடி. கைரோவில் இதைத் தவறாகக் கொடுத்தால் சர்வோ முனையில் போய் முட்டி நின்று எரிந்துபோகும். அதனால் சர்வோ வகையைத் தேர்ந்தெடுக்கும்வரை லிங்கை மாட்ட வேண்டாம்.

பேட்டரி இணைப்பைச் சாலிடர் செய்தபின் சிவப்பும் கருப்பும் மாறவில்லை என்று இரண்டு முறை பாருங்கள். ஒரே ஒரு தலைகீழ் இணைப்பு போதும், கட்டுப்படுத்தி புகைந்துவிடும்.

11. பிளேடு இல்லாமல் எல்லா அமைப்பும்

பிளேடுகள் பெட்டியிலேயே இருக்கட்டும். மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டைக் கழற்றி, தனித்தனியே டேப் சுற்றிவையுங்கள். அமைப்பு செய்யும்போது மோட்டார் எதிர்பாராமல் கிளம்புவது நடக்கக்கூடியதுதான், அதுவும் முகம் அருகே இருக்கும்போது.

டிரான்ஸ்மிட்டரில் முதலில் அமைக்க வேண்டியது திராட்டில் ஹோல்ட்: அந்தச் சுவிட்சைத் தட்டினால் ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டார் ஓடக் கூடாது. இரண்டாவது, தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அமைத்துவிட்டேன் என்ற நம்பிக்கை போதாது.

பிறகு திசைகள். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் சுவாஷ் முன்னே சாய வேண்டும், இடப்புறம் தள்ளினால் இடப்புறம். கலெக்டிவ்வை (இரண்டு பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் கட்டளை) ஏற்றினால் கிரிப்பின் முன் ஓரம் மேலே எழ வேண்டும். இவை ஸ்டிக்கின் திசைகள். கைரோவின் திசை வேறு கதை. ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து மூக்கைக் கீழே சாயுங்கள்: சுவாஷ் பின்னோக்கிச் சாய்ந்து, தரைக்குச் சமமாக நிற்க முயல வேண்டும். மூக்கை வலப்புறம் திருப்புங்கள்: இட ஸ்டிக் கொடுத்தால் வால் எப்படி அசையுமோ அப்படி அசைய வேண்டும். ஸ்டிக் சரியாக இருந்து கைரோ தலைகீழாக இருந்தால், தரையை விட்டு எழுந்த அரை விநாடியில் கவிழும். முதல் நாள் விபத்துகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

கோணம் அளக்க மட்டும் பிளேடை மாட்டி, பிட்ச் கேஜைப் பொருத்தி நடு ஸ்டிக்கில் 0 பாகை வருகிறதா என்று பாருங்கள்; அளந்து முடித்ததும் பிளேடைக் கழற்றிவிடுங்கள். மேலே கீழே 10 பாகை போதும். 12 வரை வைக்கலாம். ஆனால் மிதக்கக் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு அது எதற்கு?

இப்போது மோட்டார் வயர்களை இணைத்து, பிளேடு இல்லாமலேயே சுற்றவிடுங்கள். சுழற்சி தலைகீழாக இருந்தால் மூன்றில் எந்த இரண்டு வயரையாவது இடம் மாற்றினால் போதும். கையால் சட்டத்தைத் தொட்டால் மெல்லிய ரீங்காரம் தெரியலாம். நடுக்கம் தெரிந்தால் எங்கோ ஒரு ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. பிளேடு மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

12. பிளேடும் எடைச் சமநிலையும்

இரண்டு பிளேடுகளையும் தராசில் வையுங்கள். எடை குறைந்ததன் எடைமையம் இருக்கும் இடத்தில் டேப் துண்டு ஒட்டிச் சமமாக்கலாம். இரண்டின் எடைமையமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளேடு போல்ட்டின் இறுக்கம்: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடுகள் தாமாக விழக் கூடாது; லேசாக உலுக்கினால் அசைய வேண்டும். மிக இறுக்கினால் சுழலும்போது அவை தம் நேர்கோட்டைத் தேடிக்கொள்ள முடியாது. வால் பிளேடுகளுக்கும் இதேதான்.

பேட்டரியைப் பட்டையால் கட்டி, பிளேடுகளை வாலுக்குக் குறுக்காகத் திருப்பி, தலையைப் பிடித்துத் தூக்குங்கள். கிடைமட்டமாக நிற்கும்வரை பேட்டரியை நகர்த்துங்கள். கேனப்பியை (முன்பக்க மூடி) மாட்டிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது. அதற்கும் எடை உண்டு.

13. முதல் சுழற்றல்

திறந்த வெளி, காற்றில்லாத வேளை, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். 70 செ.மீ. ரோட்டார் 2400 சுற்றில் ஓடும்போது பிளேடு முனையின் வேகம் விநாடிக்கு 88 மீட்டர், அதாவது மணிக்கு 316 கிலோமீட்டர். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு பேட்டரி; அணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு டிரான்ஸ்மிட்டர். பேட்டரியை இணைத்ததும் கைரோ தன்னைத் தயார்செய்யும் சில விநாடிகள் ஹெலிகாப்டரை அசைக்காதீர்கள்.

தரையிலேயே வேகம் எடுக்கவிட்டு, பிளேடு முனைகள் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பிளேடின் முனையில் வண்ண டேப் ஒட்டியிருந்தால் எது மேலே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வேகத்தை இறக்கி, நிறுத்தி, அந்தப் பிளேடின் கம்பியில் ஒரு முழுச் சுற்று திருத்துங்கள். இதைப் பார்ப்பதற்காகச் சுழலும் தளத்தின் மட்டத்தில் கிட்டே குனியாதீர்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

தரையில் இருக்கும்போது வலது இடது ஸ்டிக்கைப் பிடித்துவைக்காதீர்கள். தரையில் நிற்கும் ஹெலிகாப்டரால் கைரோவின் கட்டளைப்படி சாய முடியாது. கைரோ திருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், எழும் கணத்தில் ஒருபக்கமாகப் பாயும். நிதானமாக, ஆனால் தயங்காமல் இடுப்புயரத்துக்கு எடுங்கள். தரையை ஒட்டியே தவழவிட்டால் தன் சுழற்காற்றில் தானே தள்ளாடும்.

டைமர் மூன்று நிமிடம். இறக்கியபின் சார்ஜரில் எத்தனை மில்லியாம்பியர் மணி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். லிப்போவைச் செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. சில நாட்கள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்.

14. முதல் மூன்று பேட்டரிக்குப் பிறகு

முதல் பேட்டரி தீர்ந்ததும் மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பினியன் பெரிது, அல்லது கியர் இறுகியிருக்கிறது.

மூன்றாவதற்குப் பிறகு ஆலன் டிரைவரோடு ஒரு சுற்று வாருங்கள்: முனைத் திருகுகள், குறுக்குத் திருகு, வால் மையத்தின் குட்டித் திருகு, மோட்டார் திருகுகள். இறுக்கிப் பார்க்க வேண்டாம், அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். புதிய பெல்ட் இதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வால் குழாயைப் பிடித்திருக்கும் திருகுகளை இளக்கி, குழாயை ஒரு மில்லிமீட்டர் பின்னே இழுத்து, திரும்ப இறுக்கிவிடுங்கள்.